ஏற்காடு மாநாட்டுக்குக் கையேடு: அச்சா, போனா?

கேள்வி: ஏற்காட்டில் நானும் என் கணவரும் மூன்று ஏக்கரில் காபியும் மிளகும் வைத்திருக்கிறோம். எங்களைப் போன்ற சிறு விவசாயிகளுக்காக ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நாள் மாநாடு நடத்துகிறோம். செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 180 பேர் பதிவு செய்திருக்கிறார்கள். மொத்தம் ஆறு பயிலரங்குகள். ஒரே நேரத்தில் இரண்டு நடப்பதால் ஒருவர் மூன்றில்தான் உட்கார முடியும். பயிற்சி தருபவர்கள் ஸ்லைடுகளை அனுப்பிவிட்டார்கள், எல்லாம் சேர்த்து 310 பக்கம் வருகிறது. “பேப்பரே வேண்டாம், க்யூஆர் கோடு ஒட்டிவிட்டால் போதும்” என்கிறார்கள் குழுவில் உள்ள இளைஞர்கள். “கையில் ஒரு ஃபைலாவது கொடுக்க வேண்டாமா?” என்கிறார்கள் பெரியவர்கள். பணமும் அளவாகத்தான் இருக்கிறது. வருபவர்களில் பாதிப் பேர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், சிலருக்கு வாசிப்பதே சிரமம். நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

பயிற்சி வகுப்புகளுக்குப் பாடத்தாள் தயாரித்துக் கொடுப்பதுதான் சேலத்தில் என் தொழில். உங்கள் குழுவில் நடக்கும் வாக்குவாதம் எனக்குப் பழக்கமானது. ஆனால் உங்கள் இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள், கவனித்தீர்களா? 310 பக்கமும் அப்படியே வருபவர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்று இருவருமே நினைக்கிறார்கள். ஒருவர் பேப்பரில் அனுப்பப் பார்க்கிறார், மற்றவர் போனில். முதலில் அந்த எண்ணத்தை விடுங்கள். அச்சா, போனா என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

ஸ்லைடு என்பது பேசுபவருக்குத் துணையாகத் திரையில் ஓடுவது. அவர் வாயிலிருந்து வரும் விளக்கம் இல்லாவிட்டால் அதில் பாதி புரியாது. பக்கத்துக்கு ஆறு ஸ்லைடாகச் சுருக்கி அடித்துக் கொடுப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அப்படி ஏ4 தாளில் சுருக்கும்போது ஸ்லைடின் அகலம் ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். திரையில் 24 பாயிண்ட்டில் இருந்த எழுத்து தாளில் 6 பாயிண்ட்டுக்கு வந்துவிடும். தமிழில் சுழியும் கொம்பும் புள்ளியும் அந்த அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஐம்பது வயதைத் தாண்டியவர் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. பக்கத்துக்கு ஒரு ஸ்லைடாக அடித்தால் என்ன ஆகும்? 310 பக்கம், 180 பேர். இருபக்கமும் அடித்தால்கூட 27,900 தாள், கிட்டத்தட்ட 56 ரீம் (ஒரு ரீம் 500 தாள்). 75 ஜிஎஸ்எம் (காகிதத்தின் கனத்தைச் சொல்லும் அளவு) ஏ4 ரீம் ஒன்று சுமார் 2.3 கிலோ இருக்கும். மொத்தம் 130 கிலோ காகிதத்தை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். அதில் பெரும்பகுதியை யாரும் திரும்பப் புரட்ட மாட்டார்கள்.

சரி, அதே 310 பக்கத்தையும் போனில் கொடுத்தால்? செலவு மிஞ்சும், படிக்காமல் கிடப்பது மட்டும் மாறாது. ஏ4 அளவு பக்கத்தைப் போன் திரையில் பெரிதாக்கி, இடமும் வலமும் நகர்த்தி நகர்த்தி எத்தனை பேர் படிப்பார்கள்?

ஆகவே ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் இப்படிக் கேளுங்கள்: “உங்கள் வகுப்பு முடிந்து மூன்று வாரம் கழித்து, தோட்டத்தில் நிற்கும்போது, ஒருவர் எதைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்?” அதற்கு வரும் பதில்தான் கையேடு. பெரும்பாலும் அது இரண்டு மூன்று பக்கத்துக்குள் அடங்கிவிடும். அடங்கவில்லை என்று சொல்பவரிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கும் அது நல்லது, வகுப்பே தெளிவாகிவிடும்.

இனி அச்சா, போனா என்பதற்கு வருகிறேன். மாநாடு முழுமைக்கும் ஒரே முடிவு எடுக்காதீர்கள். ஒவ்வொரு தகவலாக எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இதில் வருபவர் பேனாவால் ஏதாவது எழுத வேண்டுமா? இதை மரத்தடியிலோ களத்திலோ நின்றுகொண்டு பார்க்க வேண்டியிருக்குமா? இது ஆறு மாதத்தில் மாறக்கூடியதா? முதல் இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்று வந்தால் அச்சு. மூன்றாவதுக்கு ஆமாம் என்றால் போன். எழுத வேண்டியதும் இல்லை, நீளமும் அதிகம், வீடியோவும் உண்டு என்றாலும் போன்தான்.

உங்கள் பயிலரங்குகளில் ஒன்றையே எடுத்துப் பார்ப்போம். அராபிக்கா வகைக் காபி வைத்திருப்பவர்களை வாட்டும் போரர், அதாவது வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பற்றிய வகுப்பு நிச்சயம் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த வண்டு ஏப்ரல்-மே மாதங்களிலும், மறுபடி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையும் வெளியே வந்து பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். நிழல் குறைந்து வெயில் படும் செடிகள்தான் அதற்கு வசதி. புழு உள்ளே குடைந்துகொண்டு போனால் தண்டின் மேல் வரிவரியாக மேடு தட்டும், இலை மஞ்சளாகும், செடி வாடும். வண்டு வெளியே வருவதற்கு முன்பே, மார்ச்சிலும் செப்டம்பரிலும், ஒவ்வொரு செடியாகப் பார்த்து, போரர் பிடித்த செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். உங்கள் மாநாடு ஆகஸ்ட் கடைசியில் வருகிறது. வீட்டுக்குப் போன கையோடு செப்டம்பர் வேலை தொடங்கும். இதைவிட நல்ல நேரம் அமையாது.

இந்த வகுப்புக்கு நான் செய்துகொடுப்பதாக இருந்தால் ஒரே ஒரு ஏ3 தாள். நடுவில் ஒரு மடிப்பு மடித்தால் நான்கு ஏ4 பக்கம் கிடைக்கும். பின் அடிக்க வேண்டாம், ஸ்பைரல் வேண்டாம், ஒரு தாள் தனியாகக் கழன்று தொலையவும் செய்யாது. முதல் பக்கத்தில் மேடு தட்டிய தண்டின் படம் பெரிதாக ஒன்று. பக்கத்திலேயே நல்ல தண்டின் படம். போட்டோவைவிடக் கோட்டுப்படம் நல்லது. கறுப்பு வெள்ளையில் அடித்தாலும் மேடு எங்கே என்று தெரியும், போட்டோ அடித்தால் கரும்பட்டையாகிவிடும். உள்ளே இடப்பக்கம் வெறும் கட்டங்கள். அதில் வருபவர் தன் தோட்டத்தைத் தானே வரைய வேண்டும். எந்தப் பக்கம் பாதை, எங்கே சில்வர் ஓக் நிற்கிறது, எங்கே நிழல் விட்டுப்போயிருக்கிறது, போன வருடம் எந்த வரிசையில் போரர் வந்தது. வகுப்பில் கால் மணி நேரம் இதற்கே ஒதுக்கச் சொல்லுங்கள். உள்ளே வலப்பக்கம் பன்னிரண்டு மாதக் கட்டம். எந்த மாதம் வண்டு வெளிவரும், எந்த மாதம் செடி பார்க்க வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் சொல்லச் சொல்ல வருபவர்கள் நிரப்பட்டும். மாதங்களின் பெயர் மட்டும் அச்சாகியிருக்கும். கடைசிப் பக்கத்தில் செடி பார்த்த தேதி, பிடுங்கிய எண்ணிக்கை என்று ஒரு பதிவேடு, கீழ் மூலையில் ஒரு க்யூஆர் கோடு.

“முன்கூட்டியே தாளைக் கொடுத்தால் அதையே படித்துக்கொண்டு என்னைக் கவனிக்க மாட்டார்கள்” என்று பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. நியாயமான பயம்தான். முழுசாக எழுதிய தாளைக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். பாதி காலியாக விட்ட தாளைக் கொடுத்தால் அடுத்த காலியிடத்தை நிரப்புவதற்காகவே கவனிப்பார்கள். லேப்டாப்பில் தட்டுவதைவிடக் கையால் குறிப்பெடுப்பது நன்றாக மனதில் பதியும் என்று 2014-இல் அமெரிக்காவில் முல்லரும் ஓப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. 2019-இல் வேறு சிலர் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. ஆகவே அந்த ஆய்வை வைத்து இளைஞர்களிடம் வாதாட வேண்டாம். அதைவிட உறுதியான ஒன்று இருக்கிறது. 54 ஆய்வுகளை, 1,70,000-க்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளை, ஒன்றாகச் சேர்த்து 2018-இல் வந்த தொகுப்பாய்வு, தகவல் சார்ந்த எழுத்தைத் திரையில் படிப்பவர்களைவிடத் தாளில் படிப்பவர்கள் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று காட்டியது. நேரம் நெருக்கும்போது இந்த வித்தியாசம் இன்னும் கூடுகிறது. கதை படிப்பதில் அப்படி ஒன்றும் இல்லை. வகுப்புத் தாள் என்பது தகவல், அதுவும் நேரம் நெருக்கும் இடம்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பதிவுப் படிவத்தில் கொடுத்திருக்கும் போன் எண் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அப்பா பட்டன் போன் வைத்திருப்பார், படிவத்தில் மகனுடைய எண்ணை எழுதிக் கொடுத்திருப்பார். மகனுக்கு வேலை திருப்பூரிலோ ஓசூரிலோ. நீங்கள் அனுப்பும் பிடிஎஃப் திருப்பூருக்குப் போய்விடும், காபிச் செடி மலையில் நிற்கும். அப்புறம், செடி செடியாகப் பார்க்கிற வேலையைச் செய்வது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் கூலிக்கு வருபவர்களும்தான். அவர்கள் மாநாட்டுக்கு வரவில்லை, உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் இல்லை. அவர்கள் கையில் போய்ச் சேரக்கூடியது அச்சடித்த அட்டை மட்டும்தான்.

அதனால் போரர் வகுப்புக்கு மட்டும் அந்த ஏ3 தாளோடு கூட ஒரு சின்ன அட்டையும் போடச் சொல்வேன். ஏ5 அளவு, 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேலே ஒரு துளை. ஒரு பக்கம் தண்டின் படம், மறுபக்கம் ‘செப்டம்பர், மார்ச்’ என்று இரண்டு மாதமும் செய்ய வேண்டிய நான்கு வேலையும், எழுத்து 18 பாயிண்ட்டுக்குக் குறையாமல். கயிறு கோத்து ஸ்டோர் ரூம் ஆணியில் மாட்டிவிடலாம். இதை மட்டும் 180 அடிக்காதீர்கள், ஆயிரம் அடியுங்கள். வருபவர் ஒவ்வொருவரும் தன் ஊருக்கு ஐந்து அட்டை எடுத்துப் போகட்டும்.

இங்கே பிரஸ் கணக்கு கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஆஃப்செட் அச்சில் முதலில் பிளேட் என்ற அச்சுத் தகடு செய்ய வேண்டும். அந்தச் செலவு முதலிலேயே விழும், நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அது ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை கூடக் கூட ஓர் அட்டையின் விலை இறங்கும். கலரில் நான்கு பிளேட். டிஜிட்டல் பிரிண்டில் பிளேட் இல்லை, ஒவ்வொரு பிரதிக்கும் ஏறக்குறைய ஒரே விலை. ஆகவே நூறு நூற்றைம்பது வேண்டிய ஏ3 தாள்களை ஜெராக்ஸிலோ டிஜிட்டலிலோ அடியுங்கள், ஆயிரம் அட்டையை ஆஃப்செட்டில் கொடுங்கள். மிளகுக்கும் ஓர் அட்டை போடுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே ஷீட்டில் சேர்த்து ஓட்டித் தரச் சொல்லுங்கள், பிளேட் மிச்சம். எந்த அறையில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரியும். ஆகவே ஒரு பயிலரங்குக்கு 110 தாள் என்று வைத்தால் ஆறுக்கும் 660 ஏ3. 80 ஜிஎஸ்எம்மில் அது ஏழு கிலோகூட வராது. 130 கிலோவோடு ஒப்பிட்டுக் குழுவுக்குக் காட்டுங்கள்.

ஆகஸ்ட் மாதம் ஏற்காட்டில் மழையும் பனிமூட்டமும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்துக்கொள்ளலாம் என்று யாராவது முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். சாதாரண இங்க்ஜெட் மை ஈரக்கை பட்டாலே கரையும். லேசர், ஜெராக்ஸ் இரண்டிலும் டோனர் பொடியைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டுகிறார்கள், தண்ணீர் பட்டாலும் எழுத்து நிற்கும். எழுத வேண்டிய தாளுக்குப் பளபளப்பான ஆர்ட் பேப்பர் வேண்டாம், பேனா வழுக்கும். பளபளப்பில்லாத மேப்லித்தோ தாள் போதும். அதே காரணத்துக்காக எழுத வேண்டிய எதையும் லேமினேட் செய்யாதீர்கள். தாள்களை முதல் நாளே மண்டபத்தில் பிரித்து அடுக்க வேண்டாம். ஈரக்காற்றில் ஓரம் சுருண்டுவிடும். காலை வரைக்கும் கட்டிலேயே இருக்கட்டும்.

தாளைப் பதிவு மேசையில் பையோடு சேர்த்துக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். பையில் போட்ட தாள் வீடு போகும் வரை பையிலேயே இருக்கும். அந்தந்த வகுப்பின் வாசலில், உள்ளே வரும்போது, பேனாவோடு சேர்த்துக் கொடுங்கள். பெரியவர்கள் கேட்கும் ஃபைலுக்குப் பதிலாக ஒரு மஞ்சப்பை கொடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் மாநிலத்தில் தடை இருக்கிறது, மலையில் அந்த அக்கறை இன்னும் கூடுதலாக வேண்டும். துணிப்பையில் ஏ3 தாளை மடித்து வைக்கலாம், அப்புறம் வீட்டுக்கும் உதவும்.

இப்போது இளைஞர்கள் பக்கம். அவர்கள் சொல்வதில் உண்மை நிறைய இருக்கிறது. மாறக்கூடிய தகவல் எதுவும் தாளில் போகக் கூடாது. மானியம், விண்ணப்பக் கடைசித் தேதி, விலை, அலுவலரின் போன் எண், எல்லாவற்றையும் விட மருந்தின் பெயரும் அளவும். காபிக் காய்த் துளைப்பானுக்கு எண்டோசல்பான் அடிக்கலாம் என்று ஒரு காலத்தில் பரிந்துரைத்தார்கள், கையேடுகளிலும் அச்சானது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கே தடை விதித்தது. தடை வந்தது என்று வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கையேடு தானாகத் திருந்திக்கொள்ளாது. ஆகவே மருந்துப் பட்டியலைப் போனில் கொடுங்கள், மாறும்போது அதே லிங்க்கில் உள்ள கோப்பை மாற்றுங்கள். தாளில் ‘மருந்து வாங்கும் முன் இன்றைய பட்டியலைப் பாருங்கள், அல்லது காபி வாரிய அலுவலரைக் கேளுங்கள்’ என்று ஒரு வரி போதும். அச்சாகும் ஒவ்வொரு தாளின் அடியிலும் மாதமும் வருடமும் போட மறக்காதீர்கள். பத்து வருடம் கழித்து அதை எடுப்பவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

மரம் வெட்டப்படுகிறது என்ற கவலையையும் நான் மதிக்கிறேன். 310 பக்கம் வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எல்லாக் காகிதமும் மரத்திலிருந்து மட்டுமே வருவதில்லை. 1979-இல் தொடங்கப்பட்ட டிஎன்பிஎல் (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்), நம் பக்கத்துக் கரூர் காகிதபுரத்தில், கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துக் காகிதம் செய்கிறது. கடையில் கேட்டால் அந்த ரீம் கிடைக்கும்.

போனில் கொடுப்பதையும் சும்மா தூக்கிப் போட்டுவிட முடியாது, அதற்கும் தயாரிப்பு வேண்டும். முதலில் எழுத்துரு. நம் ஊர் டிடிபி சென்டர்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி அடித்த வேர்டு கோப்பை அப்படியே வாட்ஸ்அப்பில் போட்டால், ‘காபி’ என்று அடித்த இடத்தில் எஃப், எச், ஜி, பி என்று நான்கு ஆங்கில எழுத்து வந்து நிற்கும். பிடிஎஃப் ஆக்கிவிட்டால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், ஆனால் உள்ளே அதே எழுத்துகள்தான் இருக்கும். தேடினால் கிடைக்காது. பார்வையற்ற ஒருவர் போனில் வாசித்துக் காட்டச் சொன்னால் அவர் காதில் விழுவது வெறும் எழுத்துக் குப்பை. எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில்தான் அடித்துத் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கோப்பு வந்ததும் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் சரி.

அடுத்து அளவு. அச்சுக்குச் செய்த ஏ3 தாளை அப்படியே போனுக்கு அனுப்ப வேண்டாம். அதே விஷயத்தைக் குறுகலான பக்கத்தில், ஒரே பத்தியாக, பெரிய எழுத்தில் தனியாக ஒரு பிடிஎஃப் செய்யுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், தண்டின் மேடு மங்கிப்போகும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கோப்புக்கு ‘ஃபைனல் 2’ என்று பெயர் வைக்காமல் ‘போரர் - செப்டம்பர் வேலை’ என்று வையுங்கள். மூன்று மாதம் கழித்துத் தேடுபவர் அந்தப் பெயரில்தான் தேடுவார்.

வாசிக்கச் சிரமப்படுபவர்கள் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குத் தாளும் பிடிஎஃபும் சேர்ந்தாலும் பாதிதான் உதவும். வாட்ஸ்அப்பில் இருக்கும் வாய்ஸ் நோட்டைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு நிமிடம், மலைக் கிராமத்தில் பேசுகிற பேச்சிலேயே, உங்களில் ஒருவர் பேசிப் பதிவு செய்யுங்கள். “செப்டம்பர் பிறந்ததும் செடியைச் சுத்திப் பாருங்க, தண்டுல மேடு இருக்கான்னு கையால தடவிப் பாருங்க” என்று. இதற்குப் பைசா செலவில்லை. வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

க்யூஆர் கோடு 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் உருவானது, தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அடையாளம் காண. அழுக்குப் பட்டாலும் படிக்கும்படிதான் வடிவமைத்தார்கள். கோடு செய்யும்போது பிழை திருத்தும் அளவை (error correction) உச்சத்தில் வைத்தால் ஏறக்குறைய 30 சதவீதம் சேதமானாலும் வேலை செய்யும். தோட்டத்துக்குப் போகும் தாளுக்கு அந்த அளவையே தேர்ந்தெடுங்கள். கையில் பிடித்துப் பார்க்கும் தாளில் 3 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சுவரில் ஒட்டினால், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவு வேண்டும். இரண்டு மீட்டர் என்றால் 20 சென்டிமீட்டர். சுற்றிலும் வெள்ளை இடம் விடுங்கள், அதன் மேல் லோகோவோ பார்டரோ ஏறக் கூடாது. இன்னொன்று: இலவசமாகச் செய்து தரும் சில தளங்களின் கோடு, கொஞ்ச நாள் கழித்துப் பணம் கட்டச் சொல்லி நின்றுவிடும். அச்சடித்த ஆயிரம் அட்டையும் வீணாகும். உங்கள் லிங்க்கையே நேரடியாகக் கொண்ட நிலையான கோடாகச் செய்யுங்கள். கோப்பைக் கூகுள் டிரைவில் வைப்பதாக இருந்தால் ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று மாற்றிவிட்டு, குழுவில் இல்லாத ஒருவரின் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். செயலாளரின் போனில் திறப்பது எல்லார் போனிலும் திறக்கும் என்று அர்த்தமில்லை.

மலையில் சிக்னல் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் மண்டபத்திலேயே எல்லாரும் டவுன்லோட் செய்வார்கள் என்று நம்பி வகுப்பை அமைக்காதீர்கள். கோடு தாளில் இருக்கட்டும், வீட்டுக்குப் போய்த் திறக்கட்டும். திரையைப் போட்டோ எடுக்க எழுந்து எழுந்து நிற்பவர்களுக்கு “ஸ்லைடு இன்று மாலையே வந்துவிடும்” என்று முதலிலேயே சொல்லுங்கள். சொன்னபடி அன்று மாலையே அனுப்பியும் விடுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனால் ஆர்வம் ஆறிவிடும். குரூப்பில் அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் கையேடு காணாமல் போய்விடும். 180 பேரின் எண்ணும் எல்லாருக்கும் தெரியும் என்பதால், சேர்க்கும் முன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேளுங்கள். பதிவு செய்தவர்களை இந்த வாரமே போனில் கூப்பிட்டு, “வாட்ஸ்அப் யார் போனில் இருக்கு? எழுத்து பெரிசா வேணுமா?” என்று கேட்டுக் குறித்து வைத்தால், எத்தனை பெரிய எழுத்துப் பிரதி அடிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மிச்ச ஐந்து வகுப்புகளையும் இப்படியே பிரித்துவிடலாம். காபி காய வைப்பது பற்றிய வகுப்பில் ஈரப்பதம் எழுதிவைக்கும் பதிவேடு அச்சு. பழத்தின் தோலை நீக்கும் பல்பர் இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்பது வீடியோ, அது போனில். மிளகுக் கொடி ஒட்டுக்கட்டுவதும் அப்படித்தான், செய்து காட்டும் வீடியோ முன்னால் எந்தத் தாளும் நிற்காது. மண் மாதிரி எடுப்பதற்குப் பையில் ஒட்டும் லேபிளையே கையேடாக அடித்துக் கொடுங்கள். பெயர், வயல் பகுதி, தேதி, எத்தனை இடத்தில் எடுத்தது என்ற நான்கு காலியிடம் இருந்தால் வேலை முடிந்தது. வங்கிக் கடன், மானியம் பற்றிய வகுப்புக்கு அச்சு அதிகம் தேவையில்லை. கேட்கப்படும் ஆவணங்களின் பட்டியல் மட்டும் ஒரு கால் தாளில் போகட்டும்.

பிரஸ்ஸுக்குக் கொடுக்கும் முன் புரூஃபை (சரிபார்க்க அடித்த மாதிரிப் பிரதியை) எடுத்துக்கொண்டு, குழுவில் இல்லாத இரண்டு பேரிடம் போங்கள். ஒருவர் வயதானவராக இருக்கட்டும், ஒருவர் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் பெண்ணாக இருக்கட்டும். நீங்கள் எதுவும் விளக்காமல் தாளைக் கையில் கொடுத்து, “இதுல என்ன செய்யச் சொல்லியிருக்கு?” என்று கேளுங்கள். அவர்கள் தயங்கும் வரிகளைப் பென்சிலால் கோடிட்டு, பயிற்சியாளரிடம் திருப்பி அனுப்பித் திருத்தி வாங்குங்கள். ஆயிரம் அட்டை அடிக்கச் சொல்வதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே இது முடிய வேண்டும் என்பதால், பயிற்சியாளர்களுக்கு ஜூலை கடைசியையே கெடுவாகச் சொல்லிவிடுங்கள்.